கேட் பக்கத்துக் கட்டை

அடிவரிசையின் மூன்றாவது கட்டையை அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இறக்கினார்கள். ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் மகள். எட்டரை அடி நீளம், எண்பது கிலோ. ரயில் பாதையிலிருந்து கழற்றி விற்ற பழைய ஸ்லீப்பர் கட்டை. இத்தனை வருஷம் ரயிலைத் தாங்கியது இனிமேல் தோட்டத்து மண்ணைத் தாங்கப்போகிறது, அதற்கு இது ஓய்வுக்காலம் என்றார் அப்பா.

"எனக்குத்தான் அது கிடைக்கல" என்றும் சேர்த்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷமாகியிருந்தது. ஒரு மதியம்கூட அவர் கண்ணயர்ந்ததில்லை.

அந்தக் கட்டையை அவர்கள் தூக்கவில்லை, உருட்டினார்கள். இரும்புக் குழாய்த் துண்டுகள் மூன்றைக் கீழே போட்டு, அதன் மேல் கட்டையைத் தள்ளி, பின்னால் விடுபட்ட துண்டை எடுத்து முன்னால் வைத்து, மறுபடி தள்ளி. பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் இரண்டு முனையிலும் கயிற்றைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இறக்கினார்கள்.

"விடு, விடு, விடு. பிடி!" என்றார் அப்பா. "பிடின்னா பிடிக்கணும். யோசிக்கக் கூடாது."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"நீ பிடிச்சது எனக்குத் தெரியலையே, இன்ஜினியரம்மா."

கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். எது வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டின் பின்பக்கம் சரிவு. மழை பெய்தால் தோட்டத்து மண் கரைந்து சமையலறைப் படிவரை வந்துவிடும். அம்மா முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவள். வாயால் சொல்லி நடக்காததை எழுத்தில் கொடுத்துவிடுவாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பொருள்: சமையலறைப் படியில் சேறு. மூன்றாம் நினைவூட்டல்.' அதற்குக் கீழே அப்பா பென்சிலால் 'நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதி வைத்திருந்தார்.

நடவடிக்கை என்பது இந்தச் சுவர். முழங்கால் உயரம்கூட வராது. நீளவாக்கில் மூன்று கட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வரிசை. அடிவரிசை பாதி மண்ணுக்குள் புதையும். அதற்குக் கீழே திமிசு போட்டு இறுக்கிய ஜல்லி. சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஓட்டை போட்ட குழாய். கட்டைகளைத் துளைத்து மண்ணுக்குள் அடிக்க இரும்புக் கம்பிகள். படம் போட்டுக் கொடுத்தது மகள். அவளுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாலமோ கரையோ கட்டுமுன், அந்த மண் எவ்வளவு தாங்கும், எப்போது சரியும் என்று எழுதிக் கொடுப்பவள்.

"முழங்கால் சுவருக்கு மூணு பக்கக் கணக்கா?" என்று கேட்ட அப்பா, அந்த மூன்று பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டிவைத்தார்.

அடிவரிசை கோணினால் மேலே வரும் இரண்டு வரிசையும் கோணும். அதனால் இறக்கியதும் மட்டம் பார்த்தார்கள். அப்பா தன் வழியில் பார்த்தார். வலது காலின் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாவது கட்டையிலிருந்து மூன்றாவது கட்டைக்கு உள்ளங்காலை இழுத்தார். இணைப்பில் ஏற்றத்தாழ்வு இல்லை. பிறகு ஓரடி நீள ரசமட்டத்தைக் கட்டையின் நடுவில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"சரியா இருக்கு."

மகள் வேலையிடத்திலிருந்து லேசர் மட்டம் கொண்டுவந்திருந்தாள். முக்காலியில் நிறுத்தினால் தோட்டம் முழுக்க ஒரே உயரத்தில் சிவப்புக் கோடு விழும். கோட்டிலிருந்து கட்டையின் மேல்பரப்பு வரை டேப்பால் அளந்தால் போதும். இணைப்புப் பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். கேட் பக்கம் நானூற்றுப் பதினெட்டு.

"ஆறு மில்லி, அப்பா. கேட் பக்கம் தாழ்வு."

"உன் சிவப்புக் கோடு சொல்லுதா?"

"டேப்பு சொல்லுது. வந்து பாருங்க."

"என் கால் சரின்னு சொல்லுது."

"ஆயுசு முழுக்க லிஃப்ட்டைத் தரை மட்டத்துல நிறுத்தினீங்க. கடைசியில தோட்டத்துக் கட்டைகிட்டத் தோத்துட்டீங்களே."

அப்பா சட்டென்று குனிந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். முகத்தை அவள் பார்க்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

சொன்னது அதிகம் என்று உடனே தோன்றியது. அவள் கடப்பாரையை எடுத்தாள். செங்கல்லை முட்டுக்கொடுத்து, கேட் பக்க முனையை நெம்பித் தூக்கி, அடியில் இரண்டு கை ஜல்லித்தூளைப் போட்டுப் பரப்பி இறக்கினாள். மேலே ஏறி நின்று மிதித்தாள். மறுபடி அளந்தாள். இரண்டு பக்கமும் நானூற்றுப் பன்னிரண்டு.

இதை அவரிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். நாளைக்கு அவரே பார்ப்பார், சரியாக இருக்கும். போன் பண்ணி, 'நான்தான் சொன்னேனே, உன் மெஷினை ரிப்பேருக்குக் கொடு' என்பார். அவர் ஜெயித்ததாகவே இருக்கட்டும்.

டீ குடித்தாள். பள்ளத்துக்கு அடையாளம் கட்டிய நூலைச் சுற்றிக் கொட்டகையில் மாட்டினாள். லேசரைக் காரில் வைத்தாள். அப்பா கேட் வரை வந்தார். "பார்த்துப் போ" என்றார். "ம்" என்றாள்.

*

திங்கட்கிழமை ஒன்பது முப்பத்தைந்துக்கு அம்மா கூப்பிட்டாள். மகள் சோதனைக் கூடத்தில் இருந்தாள். மண் உருளை ஒன்றை மெஷின் மேலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. எந்தப் பாரத்தில் அது பிளக்கிறது என்று குறிக்க வேண்டும்.

"உங்கப்பா தோட்டத்துல உக்காந்துட்டார்" என்றாள் அம்மா. "எழுந்திருங்கன்னா எழுந்திருக்க மாட்டேங்கிறார்."

"மயக்கமா? தண்ணி தெளிச்சியா?"

"கண்ணு திறந்துதான் இருக்கு. என்னைப் பார்க்க மாட்டேங்கிறார்."

மகள் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். காரை எடுத்தாள். வழியில் எத்தனை சிக்னல், எங்கே நின்றாள் என்பதெல்லாம் பிறகு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அணைக்காமல் விட்டுவந்த மெஷின் மட்டும் நினைவில் இருந்தது. அது தன் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

மருத்துவமனையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. தோட்டத்திலேயே முடிந்துவிட்டது என்றார் டாக்டர். சின்ன வயது, பொறுமையான பெண்.

"பாரம் தூக்கினதாலயா?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தக் குழாய் எத்தனை நாளா ஊதிட்டு இருந்ததோ தெரியாது. இருமினாக்கூட ஆகியிருக்கும்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க டாக்டர்."

"சொல்ல முடியாதும்மா."

அவளுடைய தொழிலில் அப்படி எழுத முடியாது. ஒரு கரை இடிந்தால் காரணம் எழுதியாக வேண்டும். மேலே பாரம் ஏறியதா, உள்ளே தண்ணீர் நின்றதா, அடியில் யாராவது வெட்டினார்களா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று எழுதினால் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காரிடாரில் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அப்பாவின் துணி.

"என்ன செஞ்சிட்டு இருந்தார்?"

"பத்து நிமிஷ வேலைன்னு போனார். கடப்பாரை சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேட்கல."

மகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வேறெதுவும் அப்போது வரவில்லை. கட்டை எண்பது கிலோ என்றால் ஒரு முனைக்கு நாற்பது. ஐந்தடிக் கடப்பாரை, முட்டுக்கல்லிலிருந்து கட்டைப் பக்கம் பத்து அங்குலம். ஐந்தில் ஒரு பங்கு. கையில் விழும் பாரம் எட்டு கிலோ. காய்கறிப் பை அதைவிடக் கனக்கும். எட்டு கிலோவுக்கு யாரும் சாக மாட்டார்கள். அதையே மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் எட்டுதான் வந்தது.

*

மூன்றாம் நாள் கிரீஸ் வந்தார். அப்பாவோடு இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்தச் சட்டை போட்டாலும் அரைமணி நேரத்தில் கறை ஆக்கிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். அப்பாவுக்கு அங்கே 'மில்லி' என்று பெயர்.

"ஏன் மில்லின்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் கிரீஸ். தெரியும். ஆனாலும் தெரியாது என்று தலையசைத்தாள்.

"லிஃப்ட் வந்து நிக்கும். கதவு திறக்கும். எங்களுக்கு வேலை முடிஞ்சது, போய் டீ குடிப்போம். இவர் மட்டும் ஷூவைக் கழட்டுவார். சாக்ஸைக் கழட்டுவார். லிஃப்ட்டுக்கும் தரைக்கும் நடுவுல காலை இழுப்பார். 'எத்தனை மில்லி?'ம்பார். நாங்க, 'சாயங்காலம் சொல்றோம் அண்ணே, இப்பவே கேட்டா எப்படி'ம்போம். சிரிக்கவே மாட்டார். 'அஞ்சு மில்லி படி இருந்தா வயசானவங்க கால் தட்டும்டா'ம்பார்."

லிஃப்ட் மெக்கானிக் என்றால் வேகமாக ஏற்றி இறக்குபவர் என்று ஊரார் நினைக்கிறார்கள். அப்பாவைப் பொறுத்தவரை அது நிறுத்தும் தொழில். கம்பி வடமும் மோட்டாரும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிற்கிற இடம்தான் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், எண்ணெய் போடுகிற ஆளாக இருந்தபோது, ஒரு மருத்துவமனை லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் இடுக்கில் மாட்டியதை அவர் நேரில் பார்த்திருந்தார். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகிவிடவில்லை, ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் 'அம்மா' என்று கத்தினார், அவ்வளவுதான். அந்தக் கத்தலுக்குப் பிறகு அவர் யார் சொன்ன அளவையும் நம்பியதில்லை.

"சூப்பர்வைசர் மூணு மில்லின்னு எழுதிக் கொடுத்திருப்பார். இவர், 'எழுதினது இருக்கட்டும், காலை வச்சுட்டு வர்றேன்'ம்பார். முதலாளியே வந்து சொன்னாலும் அதேதான். நான் இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தேன். ஒரு தடவையாவது, ஒரே தடவை, நான் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்க மாட்டாரான்னு இருக்கும். ம்ஹூம். இது என் பொண்டாட்டின்னு சொன்னாக்கூட அடையாள அட்டை இருக்கான்னு கேட்டிருப்பார்."

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "உங்க கல்யாணத்துக்கு வந்தாரே, கேட்டாரா?"

"கேட்கல அண்ணி. ஆனா மேடைப் படியில காலை இழுத்துப் பார்த்தார்."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளே பயந்தது மாதிரி நிறுத்திக்கொண்டாள்.

அம்மாவும் அப்பாவும் பழகியதே ஒரு பழுதடைந்த லிஃப்ட்டால்தான். அவள் வேலை பார்த்த கட்டடத்தில் நான்காம் மாடிக்கு விரல் உயரம் தாழ்வாக லிஃப்ட் நின்றது. எழுத்தில் புகார் கொடுத்தாள். அப்பா வந்து சரி செய்தார். மறுபடி புகார். மறுபடி வந்தார். மொத்தம் நான்கு. அதில் இரண்டுக்குத்தான் பழுது இருந்தது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மறுத்ததில்லை. மற்ற இரண்டும் எவை என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

மகள் பள்ளியில் படித்தபோது கணக்கு வீட்டுப்பாடத்தை அவர் விடையைப் பார்த்துத் திருத்த மாட்டார். முதல் வரியிலிருந்து தானே போட்டுப் பார்ப்பார். பத்தாம் வகுப்புக்கு மேல் அவருக்குப் பாதிக் கணக்கு புரியவில்லை. அப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடத்துல ரெண்டு எப்படி வந்துச்சு?" என்று கேட்பார். அவள் பதில் சொல்ல முடியாமல் திணறினால் அங்கேதான் தப்பு இருக்கும்.

கிரீஸ் போன பிறகு மகள் பின்கட்டு ஜன்னலில் நின்று தோட்டத்தைப் பார்த்தாள். மூன்று கட்டைகள் பள்ளத்தில் கிடந்தன. கேட் பக்கம் கடப்பாரையும் செங்கல்லும். யாரும் எடுத்து வைக்கவில்லை.

கிரீஸ் சொன்னதில் அவளுக்கு ஒரு பிடி கிடைத்தது. யார் அளவையும் நம்பாத மனிதர். மகள் ஆறு மில்லி என்றால் உடனே நம்பிவிடுவாரா? முதலில் சோதிப்பார். எட்டரை அடியில் ஆறு மில்லி சாய்வு காலுக்குத் தெரியாது, ஓரடி ரசமட்டத்துக்கும் தெரியாது. ஆனால் அவரிடம் நூல் இருந்தது. மூன்று கட்டைக்கும் சேர்த்து இழுத்துக் கட்டினால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கட்டிப் பார்த்திருந்தால் மட்டம் சரியாக இருந்திருக்கும், ஏனென்றால் அவள்தான் முந்தின நாளே சரி செய்துவிட்டாளே. கட்டையைத் தொட்டிருக்க மாட்டார். கடப்பாரையை வேறெதற்கோ எடுத்திருப்பார். கம்பி அடிக்கக் குழி போட்டிருக்கலாம். அப்படியானால் அவள் சொன்னதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள ஓர் அளவு போதும். லேசர் இன்னும் காரில்தான் இருந்தது. கேட் பக்கம் மட்டமாக இருந்தால் அவர் கட்டையைத் தொடவில்லை. ஆறு மில்லி மேலே நின்றால், அவள் ஏற்கெனவே தூக்கியதை அவரும் தூக்கியிருக்கிறார். அவள் பேச்சைக் கேட்டு.

ஐந்து நிமிஷ வேலை. நான்கு நாள் அவள் அதைச் செய்யவில்லை. செத்துப்போனவரின் காகிதங்களுக்கெல்லாம் அலைந்தாள். வங்கிக்குப் போனாள். நகராட்சி அலுவலகத்தில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றாள். தோட்டத்துக்கு மட்டும் இறங்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்தவர், சும்மா இருக்கத் தெரியாதவர். வெள்ளிக்கிழமை பெய்த மழையில் சேறு சமையலறைப் படிவரை வந்திருந்தது.

"அண்ணன் பாதியில விட்டதை முடிச்சுடலாம்மா. நீ சொல்லு, நான் தூக்கறேன். ரெண்டாவது வரிசையை இன்னிக்கு ஏத்திடலாம்."

"அடுத்த வாரம் பார்க்கலாம் சித்தப்பா."

"அடுத்த மழை அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்குமா? டிக்கெட் வாங்கிட்டா வருது?"

இரண்டாவது வரிசை ஏறிவிட்டால் அடிவரிசையின் மேல்பரப்பு மறைந்துவிடும். பிறகு ஒருபோதும் அளக்க முடியாது. அளக்காமல் ஏற்றிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. டாக்டரே தெரியாது என்றுதான் சொன்னார். மகள் கார் சாவியைத் தேடினாள். பிறகு காரிலிருந்து முக்காலியை எடுத்து வந்தாள்.

கொட்டகைக்குள் நூல் உருண்டை ஆணியில் தொங்கியது. போன ஞாயிறு அன்று அவள் சுற்றி மாட்டிய அதே சுற்று, கடைசியில் அவள் போட்ட அதே முடிச்சு. அதை யாரும் அவிழ்க்கவில்லை. பார்த்தாள். பார்க்காத மாதிரி வெளியே வந்தாள்.

முக்காலியை நிறுத்தினாள். சிவப்புக் கோடு கொட்டகைச் சுவரிலும் கேட் கம்பியிலும் விழுந்தது. டேப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள்.

"கட்டை மேல நிறுத்திப் பிடிங்க. கோடு எதுல விழுதோ அதைப் படிங்க. முதல்ல இணைப்புப் பக்கம்."

"முன்னூத்தித் தொண்ணூத்தேழு."

"இப்ப கேட் பக்கம்."

சித்தப்பா கடப்பாரையைத் தாண்டிப் போய்க் குனிந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"முன்னூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு."

"திருப்பிப் படிங்க."

"தொண்ணூத்தி ஒண்ணுதாம்மா."

"டேப்பு நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு. என்ன, ஆறு மில்லி இந்தப் பக்கம் தூக்கலா இருக்கு, அவ்வளவுதானே? ஒரு பென்சில் கனம்கூட இல்ல. விடும்மா, யார் பார்க்கப் போறா?"

அவளே போய் அளந்தாள். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று. முக்காலியை இடம் மாற்றி வைத்து அளந்தாள். எண்கள் மாறின, வித்தியாசம் மாறவில்லை. மழையைச் சொல்லலாமா என்று பார்த்தாள். மழைக்கு மண் இறங்கும், ஏறாது. கட்டையின் அடியில் விரலை விட்டுத் துழாவினாள். அவள் போட்ட தூள் அழுக்கு நிறமாக இறுகிக் கிடந்தது. அதன் மேல் இன்னொரு அடுக்கு, சலித்த தூள், ஓரம் பிசிறில்லாமல் தட்டிவிட்டது. அவர் கைவேலை.

எழுதிக் கொடுத்த அளவை நம்பாதவர், முதலாளி சொன்னதை நம்பாதவர், கிரீஸ் சொன்னதை ஒரே ஒரு தடவைகூட நம்பாதவர், நூலை அவிழ்க்காமல், காலை வைக்காமல், அவள் சொன்ன ஆறை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஆறு மில்லி ஏற்றியிருக்கிறார். துல்லியமாக ஆறு. ஐந்து இல்லை, ஏழு இல்லை. ஒரு தேவையும் இல்லாமல்.

"என்னம்மா, உக்காந்துட்டே?" என்றார் சித்தப்பா.

அவள் பள்ளத்து விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. எட்டு கிலோ என்ற கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். இப்போதும் எட்டுதான் வந்தது. அது எதற்கும் உதவவில்லை.

*

அம்மா சமையலறைப் படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அவர் அந்தக் கட்டையைத் தூக்கினது என்னாலதான்."

"எதை, எப்போ? முதல்லேர்ந்து சொல்லு."

மகள் சொன்னாள். டேப்பு, பதினெட்டு, பன்னிரண்டு, தோத்துட்டீங்களே என்றது, கடப்பாரை, ஜல்லித்தூள். அம்மா இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ சரி பண்ணினப்ப மணி என்ன?"

"நாலரை இருக்கும்."

"நாலரைக்கு அவர் இங்கதான் இருந்தார். இந்தக் குழாயில கை கழுவிட்டு." அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அப்புறம் நீ டீ குடிச்சே. எனக்கும் அவருக்கும் நடுவுல உக்காந்து குடிச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"அவரே ஜெயிச்ச மாதிரி இருக்கட்டும்னு நினைச்சேன்மா. கோவமா உள்ளே போயிட்டாரேன்னு."

"கோவமா? யாரு?"

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். முகம் என்னவோபோல் ஆனது.

"சிரிப்பை அடக்க முடியாம உள்ளே வந்தார். 'எட்டரை அடியில ஆறு மில்லியைப் பிடிச்சுட்டா'ன்னார். சாப்பிடும்போது ரெண்டு தரம் சொன்னார். காலையில பல்லு விளக்கிட்டு ஒரு தரம் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்துச்சு. 'சரி, தெரியுது, நான் பெத்த பொண்ணுதான்'னேன்."

மகளுக்கு அழுகை வரவில்லை. கழுவிய தண்ணீர் படியிலிருந்து சேறாக வடிந்து அவள் காலடிக்கு வந்தது. நகர வேண்டும் என்று தோன்றவில்லை.

"கட்டையை நானே சரி பண்ணிட்டேன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தா..."

"சொல்லல" என்றாள் அம்மா. கடுமையாகத்தான் சொன்னாள். "சொல்லல. இனி அதைப் பேசி என்ன ஆகப்போவுது? நானும்தான் விட்டேன். சட்டை மாத்திட்டு மண்ணுல கை வைக்காதீங்கன்னு சொன்னேன். 'கையே வைக்க மாட்டேன், கடப்பாரைதான் வைப்பேன்'னார். சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன்."

"ஏன் சட்டை மாத்தினார்?"

"கடைக்குப் போகத்தான். ஒன்பது மணிக்கே கிளம்பி நின்னார். கடைக்காரன் பத்துக்குத்தான் திறப்பான். அதுவரைக்கும் சும்மா உக்காரத் தெரியுமா அவருக்கு? 'பத்து நிமிஷம், உன் பொண்ணு சொன்ன அந்த ஆறைச் சரி பண்ணிட்டுப் போறேன்'னார்."

"என்ன வாங்கறதுக்கு?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பை இன்னும் பிரிக்காமல் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். சட்டையை வெளியே எடுக்காமல், பைக்குள் கையை விட்டே பாக்கெட்டைத் தேடினாள். நான்காக மடித்த தாளை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"நேத்து அவ உள்ளங்கையைப் பார்த்தேன், தோல் உரிஞ்சிருக்கு, சொல்லவே இல்லைன்னார். உன் கை அப்படியா இருந்துச்சு?"

மகள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விரல்களுக்குக் கீழே புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அது எப்போது கிழிந்தது என்று அவளுக்கே தெரியாது.

தாளில் தச்சன் பென்சிலால் எழுதிய இரண்டு வரி இருந்தது. இரண்டும் அடிக்கப்படவில்லை.

'கம்பி, 12 மி.மீ., மூன்று.

கையுறை, ஒரு ஜோடி, மகளுக்கு. அளவு: அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கவும்.'